பீச்சாங்கைக் கரண்டி

எங்கள் அக்கா பக்கவாதத்தில் விழுந்து எழுந்தபோது அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது, வலது கையைத் தவிர. பேச்சு முதலில் குழறியது, பிறகு தெளிந்தது, பிறகு பழைய வேகத்துக்கே வந்து எங்களை விரட்ட ஆரம்பித்தது. இழுத்துக்கொண்டிருந்த காலும் சுவரைப் பிடித்து நடந்து நடந்து ஒருநாள் சுவரை விட்டுவிட்டது. கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் அக்கா சொல்வாள்: "பஸ்ஸுல இருந்து எல்லா மூட்டையும் எறக்கியாச்சு. ஒண்ணு மட்டும் வண்டியிலயே போயிருச்சு."

இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் ஏறியவன் நான். படித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். டீக்கடையில் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை அடுத்த டோல்கேட் வரைக்கும் வாயில் போட்டு மென்றுகொண்டே போவேன். இப்போது கண்ணில் சர்க்கரை ஏறி, வண்டியை விட்டு இறங்கி, புதுச்சத்திரம் பக்கத்தில் ஊரோடு இருக்கிறேன். அக்கா வீடு எனக்கு அடுத்த தெரு.

மாமா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அக்கா தனியாகத்தான் இருந்தாள். ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு என் மனைவி வேளாவேளைக்குத் தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுப்பாள், நான் கொண்டு போய்க் கொடுப்பேன். அக்கா சாப்பிட்டுவிட்டுச் சொல்லுவாள்: "உங்க ஊட்டுச் சோத்துக்கு ஒரு கொறையும் இல்ல சாமி. பசிக்கறப்ப வர்றதில்ல, வர்றப்பப் பசிக்கறதில்ல. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' பொறுக்க முடியாமல் போன ஒருநாள், நாங்கள் இல்லாத நேரம் பார்த்து அவளே அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். இடது கையில் எவர்சில்வர் கரண்டி. ஒரு கையால் கிண்டும்போது என்ன ஆகும் என்று இரண்டு கையும் உள்ளவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது. கரண்டி சுற்றினால் கூடவே வடச்சட்டியும் சுற்றும். பிடித்துக்கொள்ள மறுகை இல்லை. சட்டி சுற்றிச் சுற்றி அடுப்பின் விளிம்புக்கு வந்து கவிழ்ந்தது. எண்ணெய் தரையில் கொட்டியது, கொஞ்சம் பாதத்தில் தெறித்தது. பெரிய காயம் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது, சாயங்காலத்துக்குள் ஓசூருக்கும் கேட்டுவிட்டது.

மகன் போனில் என்னிடம்தான் பேசினான். அவன் குரல் கோபத்தில் இல்லை, பயத்தில் இருந்தது. "கோயில் நோம்பி முடிஞ்சதும் வந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்தர்றேனுங் மாமா. ஊட்டைப் பூட்டிக்கலாம். எண்ணெ இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா நான் என்ன பண்றது?" என்றான். அவன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? அவளுக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தான், கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தான்.

அக்காவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "ரெண்டாவது மாடியில கட்டல்ல ஒக்காந்துட்டு ஆரு மூஞ்சியப் பாக்கறது? கதவத் தொறந்தா எதுத்த ஊட்டுக் கதவு, சாத்துனா நம்ம கதவு" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் அக்கா மகனைக் கூப்பிட்டு மன்றாடினேன். கடைசியில் அவன் ஒரு பேச்சுக்கு இறங்கி வந்தான். நோம்பி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஒரு வேளைச் சமையலை யார் உதவியும் இல்லாமல் அடுப்பில் ஏற்றி இறக்கட்டும். தானே பக்கத்தில் நின்று பார்ப்பான். முடிந்தால் அவள் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் அன்றைக்கே அவனோடு கிளம்ப வேண்டியது.

அக்காவுக்குக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் ஸ்கூட்டரில் வரும். சின்ன வயசு, நல்ல பொறுமை. வலது கை வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது, அதுவரைக்கும் இடது கையைப் பழக்குங்கள் என்று சொன்னது. எவர்சில்வர் கரண்டியின் பிடியில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, "புடி தடிமனா இருந்தா கை நம்புங்கம்மா. ஒல்லியா இருந்தா பயந்துக்கும்" என்றது. கை நம்பும் என்கிற அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. துணி ஒரே நாளில் எண்ணெய் குடித்து வழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் சொன்னது சரி.

சேலம் போனபோது செவ்வாய்ப்பேட்டையில் தேடி ஒரு மரக்கரண்டி வாங்கி வந்தேன். பளபளவென்று பாலிஷ் போட்டது. பிடி பென்சில் மாதிரி இருந்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இது கொலுவில் வைக்கிற கரண்டி என்று சொல்லி ஆணியில் மாட்டிவிட்டாள். அப்போதுதான் நாமே ஒன்று செதுக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆயுசில் நான் மரத்தில் செய்த வேலை, லாரிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்ததுதான்.

அந்த வாரம் கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று எங்கள் வேப்பமரத்துக் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் முழங்கை கனத்தில் ஒரு கிளையை எடுத்து வைத்தேன். பைபாஸ் ஓரத்தில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் என் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். அவனிடம் போய்க் குழி தோண்டுகிற வளைந்த உளி கேட்டேன். எதற்கு என்றான். சொன்னேன். "இருவது டன் ஏத்தற வண்டிக்குக் கட்டை அறுக்கற எடத்துல வந்து அகப்பைக்கு உளி கேக்கறயே மாப்ள" என்று சிரித்தான். ஆனாலும் உளியைத் தீட்டிக் கொடுத்தான். பச்சை மரம் செதுக்கச் சுகமாக இருக்கும், ஆனால் வெயிலில் காய வைத்தால் வெடித்துவிடும், மரத்தூள் மூட்டைக்குள் புதைத்து வைத்து மெதுவாகக் காய விடு என்று சொல்லி, ஒரு மூட்டைத் தூளையும் என் மொபெட்டில் ஏற்றிவிட்டான்.

அளவுக்கு அக்காவின் பழைய கரண்டியை எடுத்துக்கொண்டேன். கழுத்தில் விரிசல் விட்டு, பரண் மேல் கிடந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. குழிப் பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்தால், நுனியின் இடது ஓரம் சரிவாகத் தேய்ந்து போயிருந்தது. கடையில் வாங்கும்போது வட்டமாக இருந்திருக்கும். அக்கா வருஷக்கணக்காகச் சட்டியின் அடியை வழித்து வழித்து அந்த ஓரத்தைக் கரைத்திருக்கிறாள். தேய்ந்த பிறகு அந்தச் சரிவு வடச்சட்டியின் வளைவில் அப்படியே ஒட்டியது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கடுகு புகாது. கடைக் கரண்டியில் இல்லாதது இதுதான் என்று எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு செய்த மாதிரி இருந்தது. எங்கள் அக்காவின் கை பண்ணிய வேலையை நான் விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கொடுவாளால் கிளையை இரண்டாகப் பிளந்து, பட்டையைச் சீவி, கரிக்கட்டியால் உருவம் வரைந்து செதுக்க ஆரம்பித்தேன். மரம் ஒரு பக்கம் வெண்ணெய் மாதிரி போகும், கணு வந்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். அதோடு சண்டை போடக் கூடாது, சுற்றிக்கொண்டு மறுபக்கமிருந்து வர வேண்டும். மலைப்பாதையில் வண்டி ஓட்டியவனுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. இரண்டு விரலில் கொப்புளம் வந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, நாத்தனாருக்குக் கரண்டி வருவதற்குள் வீட்டில் இன்னொரு கை போய்விடும் போலிருக்கிறது என்றாள். பிடியைத் தடிமனாக விட்டேன். லாரியில் கியர் ராடின் தலை உள்ளங்கைக்குள் உருண்டையாக உட்காருமே, அதே மாதிரி முனையில் ஒரு குமிழ் வைத்தேன். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கடைசியாக அந்தச் சரிவு. பழைய கரண்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நூல்கூட மாறாமல் இடது ஓரத்தைச் சாய்த்து எடுத்தேன். மரத்தூளில் காய வைத்து, கடலையெண்ணெய் தேய்த்து, நோம்பிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கொண்டு போய் அக்காவின் மடியில் வைத்தேன்.

அவள் இடது கையால் எடுத்தாள். குமிழ் உள்ளங்கையில் பொருந்தி உட்கார்ந்தது. முகம் மலர்ந்தது. வெறும் வடச்சட்டியை இறக்கி வைத்து அதில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நின்றாள். இன்னொரு சுற்றுச் சுற்றினாள். கரண்டியின் ஒரு மூக்கு மட்டும் சட்டியில் இடித்துக்கொண்டு மிச்சமெல்லாம் அந்தரத்தில் நின்றது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"ஏஞ்சாமி, இது சோத்தாங்கைக்குப் பண்ணி வெச்சிருக்கறயே" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேய்ந்தது வலது கை சுற்றிய சுற்றில். இடது கை சுற்றினால் தேய வேண்டியது வலது ஓரம். இல்லாத கைக்கு நூல் மாறாமல் செதுக்கிக் கொண்டு வந்திருக்கிறேன். திருப்பிப் பிடித்துப் பார்த்தோம். சரிவு பொருந்தியது, ஆனால் குழி முதுகுப் பக்கம் போய்விட்டது. வழிக்கலாம், அள்ள முடியாது.

அதற்கென்ன, வேறு ஒன்று பண்ணிவிடலாம், பீச்சாங்கைக்கே பண்ணித் தருகிறேன் என்று சொன்னேன். அந்தச் சொல் விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் வலது கை சோத்தாங்கை. இடது கைக்கு வைத்திருக்கிற பெயரே அதற்கு என்ன வேலை என்று சொல்லிவிடும். அந்தக் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினால்கூட வாங்க யோசிப்பார்கள்.

"தனக்குன்னு பொங்கித் தின்னா எந்தக் கையா இருந்தா என்ன? புள்ளைக்கு எப்படிடா இந்தக் கையில கிண்டிப் போடறது?" என்றாள். இவ்வளவு நாளாக அவள் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சோத்தாங்கை வந்துவிடும், வந்துவிடும் என்று அந்தப் பயிற்சிப் பெண் கொடுத்த ரப்பர் பந்தோடு மல்லுக்கட்டியதெல்லாம் இதற்காகத்தான். கையில் இருந்த கரண்டியின் குமிழைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு அதுவே பதிலாக வந்தது.

"அக்கா, நான் முப்பது வருசம் கியர் போட்டது எந்தக் கையில? ஸ்டேரிங்கு சோத்தாங்கையில, கியரு பீச்சாங்கையில. அதுல சம்பாரிச்ச அரிசியத்தான் எங்க ஊட்டுல தின்னோம். நீயும் வந்து தின்னியே, எறங்காமயா போச்சு?"

"லாரியும் சோறும் ஒண்ணாடா?" என்றாள்.

நான் கரண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிளையின் மறுபாதி மரத்தூளில் கிடந்தது. அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை தூக்குப்போசியோடு போனேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சோற்றை வாங்கவில்லை. இடது கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"பீச்சாங்கைக்கே பண்ணு சாமி. அளவு எடுத்துக்க" என்றாள்.

இரண்டாவது கரண்டியை அவள் வாசலில் உட்கார்ந்தே செதுக்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் வாங்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்லுவாள். இங்கே உறுத்துகிறது, இங்கே கனம், கழுத்தை இவ்வளவு ஒல்லியாக்காதே, பழசு கழுத்தில்தான் விரிசல் விட்டது. நான் சீவிக் கொடுக்க, அவள் வெறும் சட்டியில் சுற்றிப் பார்க்க, எங்கே இடிக்கிறதோ அங்கே கரியால் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தருவாள். தேய்ந்து வரப் பல வருஷம் ஆகிற சரிவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் கொண்டு வந்துவிட்டோம். வேம்பின் கசப்புப் போக அரிசி கழுவிய தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கச் சொன்னாள். அப்படியும் லேசாக வாசம் இருந்தது. மீதி வாசம் போவதற்குள் தன் வயிற்றுப் பூச்சியெல்லாம் செத்துவிடும் என்றாள்.

சட்டி சுற்றுகிற பிரச்சினைக்கு அவளே வழி கண்டுபிடித்தாள். லேசான வடச்சட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, கனமான இரும்புச் சட்டியை எடுத்தாள். அதன் காதில் ஒரு தடித்த துணியைச் சுற்றி, அசையாத வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டாள். "பரவால்ல, கல்லு மாதிரி வெச்ச எடத்துல கெடக்குது. இதுக்காச்சும் ஆகுதே" என்றாள். நோம்பி வரைக்கும் தினமும் ஒரு வேளை அவளே பொங்கிச் சாப்பிட்டாள். முதல் நாள் உப்பு அதிகம், இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. அதற்கப்புறம் என் மனைவி தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கையில் ஒரு பெரிய பை, காலிப் பை. அம்மாவின் துணிமணிக்கு என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா அந்தப் பையைப் பார்த்தாள், கதவு ஓரத்தில் வைக்கச் சொன்னாள்.

அவனுக்குப் பிடித்த பள்ளிபாளையம் வறுவல்தான் அன்று. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறி. கறியைக் கடையிலேயே சின்னதாக வெட்டி வாங்கியிருந்தாள். வெங்காயத்தை முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட்டு ஒரு கையாலேயே தோலைப் பிதுக்கி எடுத்திருந்தாள். தேங்காய்ச் சில்லு மட்டும் நான் கீறிக் கொடுத்தேன். அதையும் மகனிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள், பிற்பாடு பேச்சு வரக்கூடாது என்று. நானும் அவனும் சமையலறை வாசலில் நின்றோம். அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை சட்டிக்கு மேலே போகும்போதெல்லாம் அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது.

எண்ணெய் காய்ந்தது. மிளகாய் போட்டாள், வெங்காயம் போட்டாள், கறி போட்டாள். கல் மாதிரிக் கை சட்டிக் காதில் கிடந்தது. பீச்சாங்கை சுற்றியது. சட்டி நகரவில்லை. ஆனால் கறி தண்ணீர் விட்டு வற்றி வருகிற நேரத்தில் அவளுக்குக் கை சளைத்துவிட்டது. சுற்று மெதுவானது. அடியில் பிடிக்கிற வாசம் லேசாக எழுந்தது.

மகன் ஒரே எட்டில் உள்ளே போனான். "குடும்மா, நான் கிண்டறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டான். அவன் உதவி செய்துவிட்டால், யார் உதவியும் இல்லாமல் என்ற பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவன் சோத்தாங்கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். கரண்டி மூக்கை ஊன்றிக்கொண்டு கறியின் மேலேயே வழுக்கிப் போனது. அடி அப்படியே இருந்தது. அழுத்திச் சுற்றினான், இரண்டு துண்டு வெளியே தெறித்தது. கரண்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். சரிந்திருந்த அந்த வலது ஓரத்தை விரலால் தொட்டான். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தான்.

அதற்குள் அவள் மூச்சு வாங்கி முடித்திருந்தாள். இடது கையை நீட்டினாள்.

"அது உனக்கு வராது கண்ணு. அக்கட்டால தள்ளு."

அவன் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். அவள் சட்டியின் அடியை ஒரே வழியாக வழித்துப் புரட்டினாள். பிடிக்க இருந்தது பிடிக்கவில்லை. கொஞ்சம் கருகல் ஓரத்தில் இருந்தது, அதுதான் ருசி என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். அடுப்பை அணைத்தாள். இறக்கி வைக்கிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. "அடுப்பு மேலயே கெடக்கட்டும், அது எங்க ஓடப் போவுது. நீயே போட்டுத் தின்னு" என்று அவன் கையில் சாப்பிடுகிற வட்டலைக் கொடுத்தாள். கொடுத்ததும் இடது கைதான். அவன் யோசிக்கவில்லை, வாங்கிக்கொண்டான். அவன் வாங்குகிற வரைக்கும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வட்டலைத்தான் பார்த்தாள்.

இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டான். ஓசூர் பற்றி யாரும் பேசவில்லை. கை கழுவிவிட்டு அடுப்படியில் குனிந்து கேஸ் டியூபை மடக்கிப் பார்த்தான். வெடிப்பு விட்டிருக்கிறதே, இதை எத்தனை நாளாக மாற்றாமல் இருக்கிறீர்கள் என்று என்னைத்தான் சத்தம் போட்டான். என் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புது டியூப் வாங்கி வந்து அவனே மாட்டினான். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தான். பூட்டப் போகிற வீட்டுக்கு யாரும் டியூப் மாற்ற மாட்டார்கள். அக்கா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ரப்பர் பந்து மட்டும் சோத்தாங்கைக்குள் லேசாக அமுங்கிக்கொண்டிருந்தது.

கிளம்புகிற நேரத்தில் அந்தக் காலிப் பையை அவளே இழுத்து வந்தாள். நாலு தேங்காய், ஒரு கட்டு முருங்கைக்காய், தூக்கில் மிச்ச வறுவல். எல்லாவற்றுக்கும் மேலே நான் முதலில் செதுக்கிய சோத்தாங்கைக் கரண்டி. "இது உன்ற பொண்டாட்டிக்கு. உங்க மாமன் அளவு பாத்துப் பண்ணுனது" என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். நீளம் கூடுதல் என்பதால் பைக்குள் அடங்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஜிப்பின் ஓரமாகக் குமிழ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.